மூன்றாவது ஓலை

செத்துப்போன பெண்டாட்டியிடம் மறுகல்யாணத்துக்கு உத்தரவு வாங்க, பட்டப்பகலில் மெழுகுவர்த்தியோடு நின்றிருந்தான் சவரிநாதன். இடம், பைத்தியக்கார ஆஸ்பத்திரியின் இடிந்த பின்சுவர். இந்த வெட்கக்கேட்டை யாரிடம் போய்ச் சொல்வது!

"போ மாப்ள, இன்னா யோசன?" என்று பின்னாலிருந்து விரட்டினாள் சிலுவையம்மாள், வரப்போகிற மாமியார். "மீன்காரிங்க நாலு பேரு பாத்துக்கீறாங்க. உச்சி வேளையில இந்த ஓட்டைல உன் பொண்டாட்டி ஞானம் மூஞ்சி தெரியுதாம். அந்தப் பேயி அடங்காம என் பொண்ண அனுப்ப மாட்டேன், ஆமா!"

மாதா கோயிலில் இரண்டு ஞாயிறு பூசையில் கல்யாண ஓலை வாசித்து, யாருக்காவது தடை உண்டா என்று கேட்டாயிற்று. மூன்றாவது ஓலை நாளைக்கு. அது முடிந்தால் புதன்கிழமை தாலி. மூன்று வருஷமாக ஹார்பரில் கரி மூட்டை சுமந்துவிட்டு இருட்டு வீட்டுக்குத் திரும்புகிறவனுக்கு, அடுப்பு எரிகிற வீடு ஒன்று வேண்டியிருந்தது. அவ்வளவுதான் அவன் ஆசை.

ஞானம் புத்தி பேதலித்து இங்கே வந்ததும், அம்மை போட்டுச் செத்ததும் ராயபுரமே அறிந்த கதை. அடையாளம் காட்டச் சொன்னபோது முகம் முகமாகவே இல்லை. கழுத்துக் கயிற்றில் கிடந்த மாதா படம் வைத்த உத்தரியத்தைப் பார்த்துத்தான் சவரிநாதன் தலையாட்டினான். அந்தத் துணித் துண்டுக்கு நீல நூலால் ஓரம் தைத்துக் கொடுத்தவனே அவன்தான்.

உத்தரியத்தோடு சாகிறவர்களுக்கு நரகம் இல்லை என்பார்கள். அது ஒன்றுதான் ஆறுதல். அன்றைக்கும் அவனுக்கு அழுகை வரவில்லை. நெஞ்சு மரத்துப் போயிருந்தது.

சிலுவையம்மாள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு ரோட்டோரம் போய் நின்றாள். சவரிநாதன் மெழுகுவர்த்தியைக் கொளுத்திக்கொண்டு சுவர் ஓட்டையருகே போனான். உள்ளேயிருந்து ஒரு முகம் எட்டிப் பார்த்தது. தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது. ஆனால் சாட்சாத் ஞானமேதான்.

அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். "ஞானம், உன் ஆத்துமாவுக்கு வருசா வருசம் பூச வச்சிக்கினுதான் கீறேன். புதங்கெழம எனக்குக் கல்யாணம். என்னிய வுட்டுடு."

ஒரு கை நீண்டு அவன் விரல்களைப் பிடித்தது. கை வெதுவெதுப்பாக இருந்தது.

"இன்னாயா உளர்ற? நா உசுரோடதான் கீறேன்! பக்கத்துக் கட்டில் மங்கம்மா அம்மையில சாவக் கெடந்தா. நாதியத்தவ, நரகத்துக்குப் போவக் கூடாதேன்னு என் உத்தரியத்தக் கழட்டி அவ கழுத்துல போட்டேன். அன்னிலேர்ந்து இவங்க என்னியத்தான் மங்கம்மான்றாங்க. இப்ப எனக்குப் புத்தி தெளிஞ்சிடுச்சி. வூட்டுக்கு இட்டுக்கினு போயா."

மெழுகு உருகி அவன் கையில் வழிந்தது. சுடவேயில்லை. அழ வேண்டும் என்று தெரிந்தது; அழுகை வரவில்லை.

விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டு, மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு, ரோட்டுக்கு வந்தான்.

"இன்னா மாப்ள, பேச்சுச் சத்தம் கேட்டுச்சே! யாரு அது?" என்றாள் சிலுவையம்மாள்.

"பேய்தான் அத்தே. நாளைக்கு ஓலைய வாசிக்கச் சொல்லுங்க."