வாசலில் இரண்டு யானைகள்

வழி காட்ட வேண்டியவர் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

பூரணம் முன்னால் நடந்தாள். பட்டுச்சேலை. தலையில் கனகாம்பரம், தென்காசியில் வாங்கி ஈரத்துணியில் சுற்றி இத்தனை தூரம் கொண்டுவந்தது, கொஞ்சம் வாடியிருந்தது.

அவள் புருஷன் நடையை மெதுவாக்கிக்கொண்டே வந்தார்.

ஆக்ரா அவருக்குப் புதிது இல்லை. தென்காசியிலிருந்து யாத்திரைக் கூட்டத்தோடு வரும் சமையல்காரர் அவர். எத்தனையோ தடவை வந்தாயிற்று. ஜனங்கள் தாஜ்மகால் பார்க்கப் போவார்கள். அவர் ஊருக்கு வெளியே, பேருந்தை நிறுத்திய இடத்தில், அடுப்பை மூட்டுவார். அவர்கள் பசியோடு திரும்பும்போது குழம்பு கொதித்துக்கொண்டிருக்க வேண்டும். சோறு இலையில் ஆவி பறக்க விழ வேண்டும். இதில் அவருக்கு ஒரு வீம்பு உண்டு.

அதனால் ஒரு தடவைகூடத் தாஜ்மகாலைப் பார்த்ததில்லை.

பூரணத்திடம் பார்த்ததாகச் சொல்லியிருந்தார்.

முதல் யாத்திரை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது, அவர் கால் கழுவுவதற்குள், "எப்படி இருந்துச்சி?" என்று கேட்டாள். கண் இரண்டும் விரிந்து கிடந்தன. அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு, வெளியே உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கினேன் என்று எந்தப் புருஷனால் சொல்ல முடியும்?

அளந்தார்.

தென்காசிக் கோபுரத்தைவிட உயரம். முழுக்க வெள்ளைக் கல். பின்னால் ஆறு. பந்தியில் பரிமாறும்போது காதில் விழுந்ததையெல்லாம் எடுத்துவிட்டார்.

ஜெய்ப்பூர் அரண்மனையைப் பற்றிப் பந்தியில் காதில் விழுந்ததும் அதில் கலந்துவிட்டது. தாஜ்மகால் வாசலில் இரண்டு கல் யானைகள் நிற்கும் என்று சொல்லிவிட்டார்.

சொன்னதை மாற்ற முடியுமா? வருஷத்துக்கு வருஷம் யானைகள் வளர்ந்தன. துதிக்கை நீண்டது. ஒரு வருஷம் கழுத்தில் மணி வந்தது. பூரணம் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். அப்படி அவள் கேட்பதில் அவருக்கு ஒரு ராஜ சுகம்.

இந்தத் தடவை உதவியாள் மாடசாமிக்கு மஞ்சள் காமாலை. நான் வாரேன் என்று பூரணம் பையைத் தூக்கிவிட்டாள்.

இன்று காலையில் அவர் எழுந்தபோது அண்டா நிறையப் புளியோதரை. மதியத்துக்கு அதுவே போதும் என்று டூர் மேனேஜரிடமும் சொல்லி முடித்திருந்தாள். அவருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆறின சோற்றைப் போட்டு என் பேரைக் கெடுக்கிறாயே என்று கத்தினார். அவள் அண்டாவை மூடினாள். போய்க் குளித்துவிட்டுப் பட்டுச்சேலையில் வந்து நின்றாள்.

"வாங்க. எத்தனையோ வாட்டி பாத்தவங்க. எனக்குச் சுத்திக் காட்டுங்க."

வசமாக மாட்டிக்கொண்டார்.

யானை இல்லையென்றால் இத்தனை வருஷம் சொன்ன அத்தனையும் பொய்யாகிவிடும். இனி அவர் ஊருக்குப் போய் எதைச் சொன்னாலும் பூரணம் கன்னத்தில் கைவைக்க மாட்டாள். அவருக்குப் பயம் அதுதான்.

சிவப்புக் கல்லில் பெரிய நுழைவாயில் வந்தது. உள்ளே அரை இருட்டு. நெரிசல். யானைக்கு என்ன சமாதானம் சொல்வது என்று யோசித்துக்கொண்டே அவர் தலையை நிமிர்த்தினார்.

நின்றுவிட்டார்.

வெள்ளை என்றுதான் இத்தனை வருஷமும் சொல்லியிருந்தார்.

இந்த வெள்ளையைச் சொல்லவில்லை.

பின்னால் வந்தவர்கள் இடித்தார்கள். யாரோ இந்தியில் முணுமுணுத்தார்கள். அவருக்கு எதுவும் உறைக்கவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்துகொண்டு நின்றார். கண் நிறைந்துவிட்டது. இத்தனை தடவை இதற்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டா கத்தரிக்காய் நறுக்கினோம் என்று நினைத்தபோது சிரிப்புக்கூட வந்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

வெகுநேரம் கழித்துத்தான் பூரணத்தின் நினைவு வந்தது. திரும்பினார்.

அவள் தாஜ்மகாலைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பூரணம், அந்த யானை…"

"யானையப் பொறவு பாத்துக்கிடலாம். மொதல்ல இத நல்லாப் பாருங்க. இதுக்குத்தான விடியுமுன்ன எந்திரிச்சிப் புளியோதரை கிண்டுனேன்."

அவருக்கு வீட்டுச் சுவர் ஞாபகம் வந்தது. ஜவுளிக்கடை கொடுத்த பழைய காலண்டர். தாஜ்மகால் படம் போட்டது. வருஷம் முடிந்தும் கழற்றவிடாமல் அவள்தான் வைத்திருந்தாள். அவர் தேதியைத் தவிர அதில் எதையும் பார்த்தவர் இல்லை.

அதில் யானை உண்டா?

எவ்வளவு யோசித்தும் யானை நினைவுக்கு வரவில்லை. தினமும் அந்தப் படத்தைப் பார்த்தவள்தான் கன்னத்தில் கைவைத்துக் கேட்டிருக்கிறாள்.

வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது.

நீர்த்தொட்டி ஓரமாக இரண்டு பேரும் சேர்ந்து நடந்தார்கள். காலுக்குத் துணி உறை மாட்டிக்கொண்டு படியேறினார்கள். கல் வெயிலிலும் அவ்வளவாகச் சுடவில்லை. இதை யாரும் பந்தியில் சொன்னதில்லை.

வாசலுக்கு வந்ததும் பூரணம் நின்றாள். இந்தப் பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கம் பார்த்தாள்.

இரண்டு பக்கமும் வெறும் தரை.

சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். துதிக்கையில் இடித்துக்கொள்ளாமல் கொஞ்சம் ஒதுங்கி உள்ளே போனாள்.

அவரும் ஒதுங்கித்தான் போனார்.