சாம்பிள் மண்

"ஏம்மா, அந்தப் பேப்பர்ல நல்ல சேதிதானே இருக்கு? சட்டுனு சொல்லிப்புடுங்க. திரி பத்தவச்சும் வெடிக்காத வெடிக்குப் பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கு."

விருதுநகர் மண் பரிசோதனை நிலையத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார் காளீஸ்வரன். விஸ்வநத்தத்தில் மூடிக்கிடந்த தன் பட்டாசுக் கம்பெனி நிலத்தைப் பள்ளிக்கூடம் கட்ட விலைபேசியிருந்தார். மண்ணில் விஷமில்லை என்று சர்டிபிகேட் வந்தால்தான் பத்திரப்பதிவு என்று வாங்குகிறவர்கள் சொல்லிவிட்டார்கள். ஏசி அறையில் அவர் துடைத்த வியர்வைக்கு, துண்டைப் பிழிந்திருந்தால் ஒரு கண்மாய் நிரம்பி மறுகால் போயிருக்கும்.

"இருங்க அண்ணாச்சி, கடைசிப் பக்கத்தைப் பாத்துக்கிடுதேன்" என்றாள் இன்ஜினியர் ஹாஃபிஸா.

"மெதுவாப் பாருங்க. உங்களை வெயில்ல அலைய விடக்கூடாதுன்னு நானே சாம்பிள் மண்ணை அள்ளியாந்து குடுத்தேன்ல?" என்றபடி மேஜைமேல் ஒரு பையை வைத்தார். "எங்க வீட்டுக் கொல்லையில காய்ச்ச முருங்கைக்காய். எம்புட்டு நீளம் பாத்தீகளா? போன வருசம் ஒரு காய் பக்கத்து வீட்டு மாடிவரைக்கும் போயி அவுக டிஷ்ஷைத் திருப்பிவிட்டிருச்சு. ஒரு வாரம் அவுகளுக்கு இந்திச் சேனல்தான்."

"அதெல்லாம் வேண்டாம், அண்ணாச்சி."

"சும்மா எடுத்துக்கோங்க. பிரசவத்துக்கு வந்திருக்க எம்மக ஆர்த்திக்கு தினமும் அந்த மரத்துக் கீரைதான். எங்க ஐயா அந்தக் கொல்லையிலதான் வெடிமருந்து குழைச்சு, மத்தாப்பு செஞ்சு தொழிலை ஆரம்பிச்சாரு. மருந்து மண்ணைக் கெடுக்கும்னா முருங்கை இப்பிடிக் காய்க்குமா? நிலத்தை வாங்குறவுக என்னடான்னா சும்மா பயங்காட்டுதாக."

ஹாஃபிஸா தாளைக் கீழே வைத்தாள்.

"பயப்படத்தான் வேணும். நீங்க குடுத்த மண்ணுல ஈயமும் பேரியமும் எக்கச்சக்கம். பிள்ளைக காலே வைக்கக்கூடாது. ஆழமாத் தோண்டி, சிமெண்டைக் கலந்து இறுக வைக்கணும். அப்பத்தான் விஷம் மழைத்தண்ணியில கரைஞ்சு இறங்காம உள்ளயே கட்டிக்கிடக்கும்."

"சிமெண்டா..."

"ஆமா. அந்த மண்ணுல முளைச்ச கீரை, காய் எதையும் வாயில வைக்கக்கூடாது. முக்கியமா புள்ளத்தாச்சிப் பொண்ணுக."

காளீஸ்வரனின் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்தது.

"ஏன் அண்ணாச்சி இடிஞ்சு போயிட்டீக? பட்டாசுக் கம்பெனி மண்ணு இப்பிடி இருக்கிறது புதுசு இல்லையே. சரிபண்ணிக்கிடலாம். இதை எந்தப் பக்கம் அள்ளுனீக, மருந்து ரூம் பக்கமா?"

அவர் மேஜைமேல் இருந்த பையை வெடுக்கென்று பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டார். செல்லை எடுத்து மனைவியை அழைத்தார்.

"பொன்னுத்தங்கம்! ஆர்த்தி சாப்பிட உக்காந்துட்டாளா? தட்டைப் பிடுங்குடி! ஏன் எதுக்குன்னு கேக்காத, முதல்ல பிடுங்கு! கீரை ஒரு வாய்கூட உள்ள போகக்கூடாது!"

ஹாஃபிஸா விழித்தாள். "கம்பெனி மண்ணுக்கும் உங்க வீட்டுக் கீரைக்கும் என்ன அண்ணாச்சி சம்பந்தம்?"

"கம்பெனி மண்ணு தேறாதுன்னு எனக்குத் தெரியும்மா" என்றார் காளீஸ்வரன், பையைப் பார்த்தபடி. "அதான், எங்க வீட்டு முருங்கை மரத்தடியில தோண்டிக் குடுத்தேன்."