வலது செருப்பின் மேல் வந்த புகார்கள்

இதில் ஒரு வார்த்தை பொய்யென்றாலும் சொல்பவன் நாக்கு அழுகட்டும்.

செருப்புத் தொழிற்சாலையைப் பிள்ளைகளுக்குப் பிரித்தபோது அப்பா, இடது செருப்பு தைக்கும் வரிசையைத் தம்பிக்கும், வலது செருப்பு தைக்கும் வரிசையை அக்காவுக்கும் எழுதிவைத்தார்.

ஒருவரை விட்டு ஒருவர் பிழைக்க முடியாதல்லவா? அதுதான் அவர் யோசனை.

அந்த யோசனைக்கு இப்போது, நிர்வாகத்தைப் பார்த்துவந்த தம்பி சுவரில் மாட்டியிருந்த டாஷ்போர்டு திரை வேட்டு வைத்துக்கொண்டிருந்தது.

இடது செருப்பு: புகார் பூஜ்யம். பச்சை.

வலது செருப்பு: புகார் முந்நூற்றுப் பன்னிரண்டு. சிவப்பு.

வலது வரிசையை இன்றோடு மூடுவதாகவும், இனி இடது செருப்பையே இரண்டு மடங்கு தைக்கப்போவதாகவும், எண்ணே பேசிவிட்ட பிறகு மனிதர் பேச ஒன்றுமில்லை என்றும் தம்பி சொன்னான். அக்காவைப் பார்த்து அல்ல, திரையைப் பார்த்து.

அவளுக்கு உள்ளங்காலில் பிடித்த சூடு உச்சந்தலைக்கு ஏறியது. திறந்திருந்த கதவுக்கு வெளியே அவள் வரிசை ஆட்கள் பதினாறு பேர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அவர்களில் பாதிப்பேர் இவனை இடுப்பில் தூக்கித் திரிந்தவர்கள்.

“டேய், செருப்பு போடுறவன் முதல்ல வலது காலைத்தான்டா நுழைக்கிறான். தையல் விட்டிருந்தா அங்கயே கடுப்பாகிப் புகார் எழுதிப்புடுவான். உன் இடது செருப்பு வரைக்கும் எவன்டா வந்தான்?”

தம்பி ஒரு பொத்தானை அழுத்தினான். புதிதாக ஒரு கட்டம் வந்தது. காலியாக இருந்தது.

“நீ சொல்றதுக்கு டேட்டா இல்லக்கா.”

இரண்டு வரிசைக்கும் ஒரே நூல், ஒரே ஊசி என்றாள். நூலுக்குக் கட்டம் போடவில்லை என்றான். பதினாறு குடும்பம் என்றாள். அதற்கும் போடவில்லையாம்.

அக்கா குனிந்தாள். காலில் கிடந்ததைக் கழற்றினாள்.

பதினாறு பேரும் பார்க்க வீசினாள்.

அது சிவப்புக் கட்டத்தின் நடுமண்டையில் பட்டு, வழுக்கி, கீழே உட்கார்ந்திருந்த தம்பியின் மடியில் விழுந்தது. சிவப்பு சிவப்பாகவே இருந்தது.

தம்பி சட்டைக் கையால் திரையைத் துடைத்தான். வெளியே நிற்பவர்களை ஒவ்வொருவராக உள்ளே வரச் சொன்னான்.

மாலைக்குள் வலது வரிசை காலி.

அந்தத் தொழிற்சாலை தொடங்கிய நாளிலிருந்து தைத்துவருவது தங்கும் விடுதி அறைகளில் போட்டுக்கொள்ளும் துணிச் செருப்பு. அதில் இடது, வலது கிடையாது.