ஒரு கடி பாக்கி

குளத்து அல்லிக்குத் துரோகம் செய்தவன் இலைப்புழுதான். பரம்பரை பரம்பரையாக அல்லியின் இலையைத் தின்று, அதையே வெட்டிச் சட்டையாகவும் போட்டுக்கொண்டு திரிந்தவன் அவன்.

எங்கிருந்தோ மிதந்து வந்த வெங்காயத்தாமரை, "ஓரமாகக் கொஞ்சம் இடம் போதும், அண்ணாச்சி" என்றான். அந்தப் பணிவே அல்லிக்குப் பிடிக்கவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் வந்தவன் பாதிக் குளத்தை மூடிவிட்டான். அவன் இலையில் பெயருக்கு ஒரு ஓட்டைகூட இல்லை. அதுதான் அல்லியை உறுத்தியது.

"உன்னை மட்டும் ஏன் யாரும் கடிப்பதில்லை?"

"கடிக்கிறவன் இருந்தான், அண்ணாச்சி. எங்கள் ஊர் வண்டு. என்னைத் தலையெடுக்கவே விடமாட்டான். புறப்படும்போது அவனை மட்டும் கூட்டிவரவில்லை" என்று சிரித்தான் வெங்காயத்தாமரை.

மீதிக் குளமும் மூடிக்கொள்ள, வெயில் படாமல் அல்லி வெளுத்துப்போனது. உயிரைப் பிடித்துக்கொள்ள மிஞ்சியது ஒரே இலை. அதிலும் புழு வந்து உட்கார்ந்தான்.

"டேய், அங்கே குளம் நிறைய இலை கிடக்கிறது. போய் அதைத் தின்னேன்!"

"அது என் வாய்க்குப் பழக்கமில்லையே, பெரியப்பா."

"ஒரே ஒரு கடி கடித்துப் பாரடா. நான் வளர்த்த வயிறுதானே இது!"

"நாளைக்குக் கட்டாயம் கடிக்கிறேன். வெறும் வயிற்றோடு போய்த் தெரியாத இலையில் வாய்வைக்க முடியுமா?" என்றபடி புழு அந்தக் கடைசி இலையைத் தின்று முடித்தான்.

சேற்றுக்குள் கிழங்காகக் கிடக்கும் அல்லி, மேலே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறது. புழு சொன்ன அந்த ஒரு கடியின் சத்தம் இன்னும் கேட்கவில்லை.