எறும்புகள் போன பக்கம்

துணியை வினிகரில் நனைத்து மதிலோடு இழுத்தாள்.

எறும்புச் சாரை அறுந்தது.

செம்பருத்தி மொட்டெல்லாம் மாவுப்பூச்சி. அதைத் தேடித்தான் எறும்புகள் வருகின்றன. வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து தடத்தைத் துடைத்தால் போதும், அதுகளுக்கு வழி தெரியாது என்று நர்சரிக்காரர் சொல்லியிருந்தார். செடிமேல் மட்டும் படக் கூடாது. இலை கருகிவிடும்.

மெய்தான். எறும்புகள் திகைத்து நின்றன. ஒன்றோடொன்று முட்டி ஏதோ விசாரித்தன.

அவள் குனிந்து பார்த்தாள். இனி என்ன செய்யும்?

திரும்பின.

செடிப் பக்கம் அல்ல. மதில்மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கின. கொஞ்ச நேரத்தில் கறுப்பு நூல் பிடித்ததுபோல் ஒரே வரிசை.

அங்கே அப்படி என்ன இருக்கிறது?

அந்தப் பக்கம் அண்ணன் வீடு. அப்பா போன பிறகு ஒரே வீட்டை இரண்டாக்கி எழுப்பிய மதில் இது. அன்றோடு பேச்சு நின்றது. அண்ணி இறந்தபோதுகூட இவள் வாசலோடு திரும்பிவிட்டாள். இதுவரை எட்டிப் பார்த்ததில்லை.

துவைக்கிற கல்லில் ஏறினாள்.

கொல்லையில் ஒரு டம்ளர் உருண்டு கிடந்தது. சிந்திய காப்பி. அதை மொய்த்த எறும்புகள்.

பக்கத்தில் அண்ணன். ஒரு கால் மடங்கிக் கிடந்தது.

கண்கள் திறந்திருந்தன. அவளையே பார்த்தன.

தெருவைச் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

“வழுக்கிட்டு, கோமு. காலை அசைக்க முடியல.”

“ஒரு சத்தம் குடுக்கக் கூடாதாண்ணே? மதிலுக்கு அந்தப் பக்கந்தான நின்னேன்.”

“தெரியும். செடிக்குத் தண்ணி விட்டே. அப்புறம் என்னமோ புளிச்ச வாடை வந்துது. நீ என்ன செய்யுதேன்னு யோசிச்சிக்கிட்டே கெடந்தேன்.”

அவர் கழுத்தில் ஏறிய எறும்புகளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டாள்.

கோபம்தான் வந்தது. ஆனால் அங்கே விழுந்து கிடந்தது தானாக இருந்தால்?

தானும் கூப்பிட்டிருக்க மாட்டாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது அண்ணன் வீட்டுச் சாவியை நீட்டினார். அவள் பூட்டிவிட்டு வந்தாள்.

“நீங்க பக்கத்து வீடாம்மா?” என்று கேட்டார் வண்டிக்காரர்.

“இல்ல.”

ஏறி, அண்ணனின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.