பதினான்காம் ஆணி

"அந்த அம்மாவுக்கு உன் முகம் தெரியாதுடா. உள்ள போறோம், படத்துக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நிக்கறோம், வந்துடறோம்" என்றார் ஃபிட்டர். பேசிக்கொண்டே ஸ்கூட்டரில் ஆடிக்கொண்டிருந்த கண்ணாடியை ஸ்பேனரால் முறுக்கினார்.

 விமானப்படை நினைவுக்கூடத்தின் வாசல்வரை வந்து மூன்று முறை திரும்பிப் போனவர் ஸ்டோர்கீப்பர்.

"உன் ஸ்பேனர் இன்னும் சாகலையா? டேப்பைச் சுத்திச் சுத்தி அது உருட்டுக்கட்டை மாதிரி ஆயிடுச்சு" என்று சிரித்தார் ரேடியோ. மூவரும் ஒரே விமானப்படைத் தளத்தில் வேலை பார்த்தவர்கள்; ஃபிட்டர் இன்ஜின், இவர் ரேடியோ பிரிவு. வாய் ஓயாததால் ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் அவரை விடவில்லை.

"நல்ல இரும்புடா. டேப் இல்லேன்னா கை வழுக்கும்" என்று ஃபிட்டர் அதை டிக்கியில் போட்டு மூடினார். ஸ்டோர்கீப்பரின் தோளில் கைபோட்டு உள்ளே அழைத்துப் போனார். முப்பது வருடத்துக்கு முன் ஸ்டோர்கீப்பருக்கு வேலை போன அன்று எல்லோரும் ஒதுங்கியபோதும், அந்தத் தோளை விடாத கை அது ஒன்றுதான்.

சின்னக் கூடம். முற்றத்தில் டயரில் காற்றுப்போன ஒரு பழைய விமானம். உள்ளே ஒன்பது புகைப்படங்கள், ஒரு மேசை, வருகைப் பதிவேடு. ஒன்பதாவது படத்தில் இருந்த விமானியின் மனைவிதான் கூடத்தைப் பார்த்துக்கொண்டார். வெயிலில் வந்த மூவருக்கும் அவரே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"இது ஒர்க்‌ஷாப்ல இருந்த பலகை" என்று சுவரைக் காட்டினார். வரிசையாக ஆணிகள். ஒவ்வொரு ஆணிக்குக் கீழும் அதில் தொங்கும் கருவியின் உருவம் வெள்ளை பெயின்ட்டில் வரைந்திருந்தது. ஒவ்வொரு கருவியின் கழுத்திலும் ஒரு சிவப்பு வளையம், அதன் கீழே எண்.

"வேலை முடிஞ்சதும் எல்லாம் அதது ஆணிக்குத் திரும்பி வரணும். ஒண்ணு குறைஞ்சாலும் விமானம் கிளம்பக் கூடாது. ஸ்டோர்கீப்பர் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடணும்."

பதினான்காம் ஆணி மட்டும் காலியாக இருந்தது. அதன் கீழே ஒரு ஸ்பேனரின் வெள்ளை உருவம்.

"அன்னிக்கு அந்த ஆள் எண்ணாமலே போட்டார். ஸ்பேனர் இன்ஜினுக்குள்ளயே கிடந்திருக்குன்னு விசாரணையில முடிவு பண்ணாங்க. என் வீட்டுக்காரரோட விமானம் கடல்ல விழுந்தது. ஒரு துண்டுகூடக் கிடைக்கல."

ஸ்டோர்கீப்பர் பாதி குடித்த தம்ளரைக் கீழே இறக்கினார். "அம்மா... அந்த ஆள் நான்தான்."

ரேடியோ தலையைக் குனிந்துகொண்டார்.

"அன்னிக்கு எனக்குப் பொண்ணு பிறந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடற அவசரத்துல போட்டுட்டேன். தினமும் சாமி முன்னாடி உங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்லாம நான் சாப்பிட்டதில்லை. மன்னிச்சிடுங்கம்மா."

அந்த அம்மா ஸ்டோர்கீப்பரையே பார்த்தார். பிறகு அவர் கையிலிருந்த தம்ளரை வாங்கி, மீதித் தண்ணீரை ஜன்னல் வழியே கொட்டினார்.

"பொண்ணு நல்லா இருக்காளா?"

"இருக்காம்மா."

"எங்களுக்குக் கல்யாணமாகி நாலு மாசம்தான் ஆகியிருந்தது."

ஃபிட்டர் சூழ்நிலையைச் சமாளிக்கப் பதிவேட்டைத் திறந்தார். "பேரை எழுதிட்டுக் கிளம்பலாம்டா" என்று ஸ்டோர்கீப்பரிடம் பேனாவை நீட்டினார்.

அந்த அம்மா பதிவேட்டின் மேல் கையை வைத்து மறைத்தார். "அவர் போட வேண்டாம். ஒரு தடவை போட்டதே போதும்."

வெளியே வந்ததும் ஸ்டோர்கீப்பர் படியில் உட்கார்ந்து அழுதார். ஃபிட்டர் பக்கத்தில் உட்கார்ந்து தன் கைக்குட்டையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார். "அழுதுடு. சொல்லிட்ட இல்ல, பாரம் இறங்கிடுச்சு. அவங்க என்ன சொன்னா என்ன, உனக்கு நான் இருக்கேன்."

கைக்குட்டையை நனைத்து வர ஃபிட்டர் முற்றத்துக் குழாய்க்குப் போனார். ஸ்டோர்கீப்பர் மெல்ல எழுந்தார். ஸ்கூட்டர் கண்ணாடி மறுபடியும் தலை தொங்கிக் கிடந்தது.

"அதை அவன் பாத்துக்குவான், நீ உக்காரு" என்றார் ரேடியோ.

"இருக்கட்டும்டா. எனக்காக அவன் எவ்வளவு பண்ணியிருக்கான். இதையாவது நான் பண்றேன்."

வெயிலில் டிக்கி கொதித்துக் கிடந்தது. ஸ்பேனரை எடுத்து நட்டில் மாட்டி அழுத்தினார். பசை இளகியிருந்த டேப், பழத்தோல் மாதிரி மொத்தமாக வழுகி அவர் உள்ளங்கையோடு வந்துவிட்டது.

கீழே ஒரு சிவப்பு வளையம். அதன் கீழே, பதினான்கு.

ஈரக் கைக்குட்டையோடு வந்த ஃபிட்டர் நாலடி தள்ளி நின்றுவிட்டார்.

"ஸ்கூட்டர் ரிப்பேருக்குன்னு முந்தின நாள் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன்டா. காலையில மாட்டிடலாம்னுதான்... அதுக்குள்ள விமானம்... பயந்துட்டேன்."

 ஸ்டோர்கீப்பர் கையில் இருந்ததையே பார்த்தார். அந்த விமானியைத் தான் கொல்லவில்லை என்பது முப்பது வருடம் கழித்து அவருக்குத் தெரிந்தது. தினமும் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துவிட்டவனுக்கு அது முதல் நாளே தெரியும் என்பதும்.

அவர் ஸ்பேனரை ஃபிட்டரின் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டு, கூடத்தின் வாசலைக் காட்டினார்.

"வா, நீயே மாட்டு. இந்தத் தடவை எண்ணிட்டுக் கையெழுத்துப் போடறேன்."