பீரங்கியின் அந்தக் காலம்

கடலோரக் கோட்டை மதிலடியில் ஒரு பழைய பீரங்கி கிடந்தது. ஊர் சுற்ற வந்தவர்கள் அதன் பக்கத்தில் கூடாரம் அடித்தார்கள்.

"அந்தக் காலத்தில் நான் முழங்கினால் கப்பல்கள் திரும்பி ஓடும். இப்போது என் வாயில் நண்டு குடியிருக்கிறது" என்று பெருமூச்சு விட்டது பீரங்கி.

"அடேயப்பா! அப்புறம்?" என்று காற்றில் படபடத்தது கூடாரம்.

"ஆடாமல் கேளேன்!" என்று எரிந்து விழுந்தது பீரங்கி. கூடாரம் வாடிப்போனது.

விடிந்ததும் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பீரங்கிக்கு அன்று முழுக்க யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

அடுத்த மாதம் வேறொரு கூடாரம் வந்தது.

"ஐயா, நீங்கள் கப்பல்களையே விரட்டியவராமே?"

"அது கிடக்கட்டும்" என்றது பீரங்கி. "போன மாதம் இங்கே ஒரு கூடாரம் இருந்தது. அதுவல்லவோ காலம்!"